கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்து வரி போடுவது வரவா, செலவா? பட்டிமன்றத்துக்குச் சட்டமும் கணக்கும் தேவை

கேள்வி: மேடைக்குறிப்பு, காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கான பட்டிமன்றம் ஒன்று. தலைப்பு: "கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி தந்து வரி விதிப்பது நாட்டுக்கு வரவா, செலவா?" ரெண்டு அணிக்கும் குறிப்பு தயார் செய்து கொடுக்கணும்.

பிள்ளைகள் எழுதி வந்ததில் ஒரு பக்கம் "வெளிநாட்டுல கோடி கோடியா வரி வருது, நாமளும் வாங்குவோம்". மறுபக்கம் "ஊரே கெட்டுப்போகும்". நடுவர் குறுக்கே ஒரு கேள்வி போட்டால் ரெண்டு பக்கமும் உட்கார்ந்துவிடும். கம்பன் விழா பார்த்து வளர்ந்த ஊரில் அப்படிப் பேசிவிட்டு இறங்க முடியாது.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். இன்றைய சட்டம் சரியாக எதைத் தடுக்கிறது, எத்தனை கிராமுக்கு என்ன தண்டனை? தமிழ்நாடு தனியாக முடிவெடுக்க முடியுமா? வரி என்றால் எதன் மேல், எடை மேலா விலை மேலா? அனுமதித்த நாடுகளில் எது எங்கே இடித்தது? உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகும் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல முடியுமா? துறை தெரிந்தவர்கள் எழுதினால் பெரிய உதவி.


பதில் 1: வழக்குக்கட்டு, தேவகோட்டை

பிள்ளைகள் முதலில் சறுக்கும் இடம் "கஞ்சா" என்ற சொல்லேதான். 1985 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் போதைப்பொருள் சட்டத்தில் (கோர்ட்டில் எல்லாரும் என்.டி.பி.எஸ். என்றுதான் சொல்வோம்) செடி வேறு, கஞ்சா வேறு, சரஸ் வேறு. கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி மட்டும். நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வராது. சரஸ் என்பது செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின். உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடை நடப்பது இந்த இடைவெளியில்தான், ஏனென்றால் பாங் இலையில் அரைப்பது. ஆக, "இந்தியாவில் இந்தச் செடியிலிருந்து ஒரு பைசா வரியும் வருவதில்லை" என்று யாராவது மேடையில் சொன்னால் அது தப்பு.

அளவைப் பொறுத்துத்தான் தண்டனை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சரஸில் அதுவே 100 கிராம், 1 கிலோ. சிறு அளவுக்கு 1 வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். நடுவில் மாட்டினால் 10 வருடம் வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவு என்றால் குறைந்தது 10 வருடம், அதிகம் 20. அபராதமும் 1 லட்சத்தில் தொடங்கும். ஒரே ஒரு செடி வளர்த்தாலும் அது சாகுபடிதான், 10 வருடம் வரை போகலாம். புகைத்தது மட்டும் குற்றம் என்றால் 27ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 வரை அபராதம், அல்லது ரெண்டும்.

பட்டிமன்றத்தில் யாரும் தொடாத, ஆனால் வழக்கையே புரட்டும் விஷயம் எடை. மூட்டையைப் பிடித்து அப்படியே தராசில் வைத்து 21 கிலோ என்று மகஜரில் (பறிமுதல் குறிப்பில்) எழுதினால் வணிக அளவு. அதற்குள் தண்டு, விதை, நுனியில்லாத இலை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் 20க்குக் கீழே இறங்கலாம். அந்த ஒரு கிலோவில்தான் ஒருவனுடைய பத்து வருடம் தொங்குகிறது. 20 கிலோவுக்கு மேல் என்றால் 37ஆம் பிரிவு வந்துவிடும்: "குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது" என்று நீதிமன்றமே திருப்தி அடைந்தால்தான் ஜாமீன். மாதிரி எடுப்பதற்கும் முறை உண்டு. 2022 விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில், கஞ்சாவென்றால் 24 கிராம் வீதம் ரெண்டு பிரதி எடுக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே போலீஸார் எடுத்து உறைபோட்டு அனுப்பியது, பொட்டலங்களைக் கலந்து எடுத்தது, முத்திரை பதிவேட்டோடு பொருந்தாதது, இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வாதம் பெரும்பாலும் நகரும்.

தமிழ்நாடு தனியாக முடிவெடுக்க முடியுமா? ரெண்டு பாதியாகப் பாருங்கள். அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 51ஆவது இனம், சாராயத்தோடு சேர்த்து அபின், "இந்தியச் சணல்" (கஞ்சாச் செடிக்குச் சட்டம் வைத்த பெயர்) முதலிய போதைப்பொருள்கள் மேல் ஆயத்தீர்வை விதிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே கொடுக்கிறது. ஆனால் என்.டி.பி.எஸ். 8ஆம் பிரிவு மருத்துவம், அறிவியல் தேவைக்கு வெளியே எதையும் அனுமதிப்பதில்லை. அது நாடாளுமன்றச் சட்டம். மாநிலச் சட்டம் அதோடு முட்டினால் மாநிலச் சட்டம்தான் விழும். 10ஆம் பிரிவில் மாநிலத்துக்குக் கிடைக்கும் உரிமம் தரும் அதிகாரமும் அந்த வேலிக்குள்தான். ஆகத் தமிழ்நாடு வரி போடலாம், வரி போட வேண்டிய விற்பனையைத் தொடங்க முடியாது. "சட்டசபையில் தீர்மானம் போட்டால் போதும்" என்று எந்த அணியும் சொல்லிவிடக் கூடாது.

எதிர் அணிக்கு 47ஆவது உறுப்பு கையில் இருக்கட்டும்: உடல்நலத்துக்குக் கேடான மது, போதைப்பொருள்களை மருந்துக்கு அன்றி உட்கொள்வதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்கிற வழிகாட்டு நெறி. அதை வைத்து வழக்குப் போட முடியாது, வாதம் வைக்கலாம். ஆதரவு அணிக்கு ஒரு வாக்கெடுப்பு: 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை 1961 ஒப்பந்தத்தின் நான்காம் அட்டவணையிலிருந்து (மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியல்) 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் கட்டுப்பாட்டுப் பட்டியலான முதல் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது. "ஐ.நா.வே அனுமதித்துவிட்டது" என்று பேசினால் எதிரணி அந்த ஒரு வரியில் முடித்துவிடும்.


பதில் 2: ஐந்தொகை, கானாடுகாத்தான்

வழக்குக்கட்டு அண்ணன் 51ஆவது இனத்தைச் சொன்னது நல்லதாய்ப் போச்சு, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கத்துப் பழைய பெட்டகங்களில் இருக்கிற கணக்குப் புத்தகம் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், வரவை மட்டும் எழுதி ஒருத்தரும் ஐந்தொகை (ரெண்டு பக்கமும் சேர்த்துப் பார்க்கும் முடிவுக் கணக்கு) போட்டதில்லை. இந்தத் தலைப்பில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அரசியலமைப்பிலேயே வெளியே வைத்துவிட்டார்கள். அதனால் மாநிலம் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் போட்டு முழுப்பணத்தையும் வைத்துக்கொள்கிறது. கஞ்சாவுக்கு அந்த விலக்கு இல்லை. நாளைக்கு விற்பனை வந்தால் மாநிலத்தின் ஆயத்தீர்வை ஒரு பக்கம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. இன்னொரு பக்கம். ஜி.எஸ்.டி. சட்டம் 15ஆம் பிரிவின்படி, விற்பனை மதிப்பில் மற்ற சட்டங்களின் கீழ் போட்ட தீர்வையும் சேரும். அதாவது வரி மேல் வரி.

கணக்குக்காக ஒரு கிராம் எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உற்பத்தியாளர் விலை 100 ரூபாய். மாநிலத் தீர்வை 30. கிடங்கு, கடை லாபம் 50. சேர்த்தால் 180. இன்றைய உச்ச ஜி.எஸ்.டி. விகிதமான 40 சதவீதம் போட்டால் 72. வாங்குபவன் கொடுப்பது 252, அதில் வரி மட்டும் 102. தெருவில் பொட்டலம் விற்கிறவனுக்குத் தீர்வை கிடையாது, ஆய்வகம் கிடையாது, வாடகை கிடையாது. அவன் 252க்குக் கீழே எந்த விலைக்கும் இறங்கலாம். சட்டக் கடை அவனை விரட்ட வேண்டுமென்றால் விலை இறங்கணும், விலை இறங்கணுமென்றால் வரி இறங்கணும். வரி வருமானமும் கள்ளச் சந்தை ஒழிப்பும் ஒரே நேரத்தில் முழுசாகக் கிடைக்காது. ஆதரவு அணி இந்த ரெண்டையும் சேர்த்தே வாக்குக் கொடுக்கும். எதிரணி பிடிக்க வேண்டிய இடம் இது.

அடுத்து, வரியை எதன் மேல் கட்டுவது. இதுதான் எல்லா நாட்டிலும் இடித்த இடம்.

எடை மேல் கட்டினால் வருமானம் நிலையாக இருக்கும். ஆனால் விளைச்சல் பெருகி விலை விழும்போது உற்பத்தியாளன் மூச்சுத் திணறுவான். மேலே போட்ட கணக்கில் 100 ரூபாய் 40 ஆகிவிட்டது என்று வையுங்கள். கிராமுக்கு 30 என்ற நிலையான தீர்வை, விலையில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். கனடாவில் நடந்தது இதே. 2018 அக்டோபர் 17 அன்று விற்பனை தொடங்கியபோது, கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது என்று வைத்தார்கள். கிராம் 10 டாலர் விற்கும் என்று நினைத்தால் ரெண்டும் ஒன்றுதான். 4 டாலருக்கு இறங்கினால் அந்த 1 டாலர் 25 சதவீதமாகிவிடுகிறது.

விலை மேல் சதவீதமாகக் கட்டினால் உற்பத்தியாளன் தப்புவான், கஜானா படுக்கும். 100க்கு 30 சதவீதம் என்றால் 30. விலை 40 ஆனால் தீர்வை 12. வருமானம் 60 சதவீதம் போச்சு. வாஷிங்டன் மாநிலம் சில்லறை விலையில் 37 சதவீதம் வாங்குகிறது. ஓரிகனில் உரிமம் அளவில்லாமல் கொடுத்து விளைச்சல் மிதமிஞ்சி, விலை சரிந்து, கடைசியில் புதிய உரிமங்களையே நிறுத்தினார்கள்.

மூன்றாவது வழி போதை வீரியத்தின் மேல் கட்டுவது. இல்லினாய்ஸில் டி.எச்.சி. (செடியில் போதை தரும் வேதிப்பொருள்) 35 சதவீதம் வரை இருந்தால் 10 சதவீத வரி, அதற்கு மேல் 25, தின்பண்டமாகச் செய்ததற்கு 20. நியாயப்படி இதுதான் சரி, சாராயத்தில் வீரியத்துக்குத் தக்கபடி தீர்வை போடுவதைப் போல. ஆனால் இங்கே அளவுகோல் ஆய்வகத்தின் கையில் போய்விடும். எந்த ஆய்வகம் நமக்குச் சாதகமான எண் கொடுக்கும் என்று உற்பத்தியாளர் தேடிப் போவார்கள். வீரியம் அதிகமென்றால் நல்ல விலை என்ற சந்தையில் எண்ணைக் கூட்டிக் கேட்பார்கள், வீரியத்துக்கு வரி என்றால் குறைத்துக் கேட்பார்கள். மாதிரியை உற்பத்தியாளனே எடுத்துக் கொடுக்கும் முறை இருந்தால் எந்த வரியும் நிற்காது.

ஒரு சின்ன விஷயம், மேடையில் சொன்னால் கூட்டம் உடனே பிடித்துக்கொள்ளும். நகைக்கடையில் சேதாரம் என்கிறோமே, இங்கேயும் சேதாரம் உண்டு. அறுத்த பூ காயும்போது எடையில் முக்கால் பங்கு ஈரமாகவே போய்விடும். 100 கிலோ பச்சை, 20 முதல் 25 கிலோ காய்ந்த சரக்கு. தீர்வை பச்சை எடையிலா காய்ந்த எடையிலா என்று சட்டத்தில் எழுதாவிட்டால் அங்கேயே ஓட்டை. கலிபோர்னியாவில் பச்சைச் செடிக்குத் தனி விகிதம் வைத்து, அறுத்த 2 மணி நேரத்துக்குள் எடை போட்டாக வேண்டும் என்று விதி போட்டார்கள், தாமதித்தால் ஈரம் போய் வரி குறைந்துவிடும் என்பதால். காய்ந்த பிறகும் கிடங்கில் எடை ஏறி இறங்கும். பேரேட்டில் 50 கிலோ, தராசில் 48.5 கிலோ என்றால் அந்த 1.5 கிலோ காற்றில் போன ஈரமா, பின்வாசல் வழியாகப் போன சரக்கா? இதைக் கண்டுபிடிக்கத்தான் செடிக்குச் செடி மின்னணுச் சீட்டுக் கட்டி, கழிவையும் தனியாக எடை போட்டுப் பதிவு செய்கிறார்கள். ஒரு உரிமத்துக்கு எத்தனை ஆள், எத்தனை தராசு, எத்தனை தணிக்கை என்ற செலவு ஐந்தொகையின் மறுபக்கம். அந்தக் கலிபோர்னியாவே அவுன்ஸுக்கு 9.25 டாலரில் தொடங்கிய சாகுபடி வரியை 2022 ஜூலையில் எடுத்துவிட்டது. சட்டத்துக்குள் வந்தவன் கள்ளச் சந்தையோடு போட்டி போட முடியவில்லை. பல நகரங்கள் கடைக்கே அனுமதி மறுத்ததும் சேர்ந்துகொண்டது.

மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் முட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காதான் பாடம். அவர்களுடைய வருமான வரிச் சட்டம் 280இ பிரிவு, மத்திய அட்டவணையில் முதல் ரெண்டு வகுப்பில் இருக்கும் போதைப்பொருளை விற்பவருக்கு வாடகை, சம்பளம் எதையும் செலவாகக் கழிக்க விடாது, சரக்கின் அடக்க விலையை மட்டும் விடும். விற்பனை 100, சரக்கு 60, வாடகை சம்பளம் 30 என்றால் உண்மை லாபம் 10. வரி 40க்கு. 21 சதவீதம் போட்டால் 8.40. பத்து ரூபாய் லாபத்தில் எட்டரைக்குப் பக்கத்தில் வரிக்கே. பெரிய வங்கிகளும் கைகழுவியதால் கடைகளில் ரொக்கம் குவிந்தது, கொள்ளைக்கும் கணக்கு மறைப்புக்கும் அது வாசல்.

கடைசியாக வரித்தளம். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரையானவர்களில் மது அருந்துவோர் 14.6 சதவீதம். கஞ்சாச் செடிப் பொருள் எடுப்போர் 2.8 சதவீதம். அதிலும் பாங் ஏறக்குறைய 2 சதவீதம், கஞ்சாவும் சரஸும் ஏறக்குறைய 1.2 சதவீதம் (ரெண்டையும் எடுப்பவர்கள் இருப்பதால் கூட்டினால் ஒத்துவராது). "டாஸ்மாக் வருமானத்துக்கு மாற்று" என்று யாராவது பேசினால் இந்த 14.6ஐயும் 1.2ஐயும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அந்த அளவு வருமானம் வரணுமென்றால் குடிக்கிற அளவுக்கு ஆட்கள் புகைக்கணும்.


பதில் 3: மனநலம், திருப்பத்தூர்

தம்பி, உடல்நலப் பகுதியை ரெண்டு அணியும் பயமுறுத்தியோ பூசி மெழுகியோ பேச வேண்டாம். வயது, வீரியம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, இந்த மூன்றைச் சொல்லாமல் "கஞ்சா கெடுதல்", "கஞ்சா மூலிகை" என்று பேசுவதில் பொருளே இல்லை.

எடுப்பவர்களில் ஏறத்தாழ 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. சிறுவயதில் தொடங்கி, தினமும், வீரியம் கூடியதை எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் இன்னும் கூடும். எல்லாருக்கும் வராது என்பதும் உண்மை. வருகிற குடும்பத்துக்கு அது முழுசாக வரும்.

விட்டால் ஒன்றும் செய்யாது என்பது தவறான நம்பிக்கை. தினமும் எடுத்தவர் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு, கெட்ட கனவு தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம், ரெண்டு வாரத்துக்கு மேலும் நீளலாம், தூக்கம் சரியாக இன்னும் நாளாகும். வீட்டில் பலரும் இதைப் பார்த்து "விட்ட பிறகுதான் கோபம் அதிகமாச்சு" என்று பயந்து சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கோபம் விட்டதன் அடையாளம், தாண்டிப்போகும். இதற்கென்றே அங்கீகரித்த தனி மருந்து கிடையாது. ஆலோசனையும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் துணை மருந்தும்தான்.

சட்ட விற்பனை வந்த இடங்களில் அவசர சிகிச்சைக்குக் கொண்டுவந்த பெரிய பிரச்சினை தின்பண்டம். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். தின்றால் அரை மணி முதல் 2 மணி வரை ஆகும். முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொரு துண்டு தின்பார்கள், ரெண்டும் சேர்ந்து ஏறும், பதற்றமும் வாந்தியும் நெஞ்சுப் படபடப்புமாக வந்து நிற்பார்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துத் தின்பது இன்னும் மோசம். அதனால்தான் கொலராடோவில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் டி.எச்.சி. என்று கட்டுப்படுத்தினார்கள். கனடா இன்னும் கண்டிப்பு, பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம், படமில்லாத, குழந்தையால் திறக்க முடியாத உறை.

வண்டி ஓட்டுவதையும் கேட்பார்கள். மதுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எல்லை இருக்கிறது, ஊதச் சொன்னால் தெரிந்துவிடும். போதைப்பொருளுக்கு அந்தப் பிரிவில் எண்ணே இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்று மட்டும்தான். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும். புகைத்ததும் ரத்தத்தில் ஏறி வேகமாக இறங்கிவிடும், தலை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். தினமும் எடுப்பவருக்கோ தெளிந்த பிறகும் நாள்கணக்கில் கொஞ்சம் தங்கியிருக்கும். சிறுநீர்ப் பரிசோதனை வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்கும், ஆனால் அது அந்த நேரத்தில் போதையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. வாஷிங்டனும் கொலராடோவும் ஒரு மில்லி ரத்தத்தில் 5 நானோகிராம் என்று வைத்தும் இந்தச் சிக்கல் தீரவில்லை. திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் எதை வைத்து நிரூபிப்பது என்ற கேள்விக்கு ஆதரவு அணி பதில் வைத்திருக்க வேண்டும்.


பதில் 4: மானாவாரி, கல்லல்

ஒரு திருத்தம் மட்டும். "சணல்" என்று மேடையில் சொன்னால் கேட்பவர்களுக்குச் சாக்கு சணல்தான் ஞாபகம் வரும், விவசாயிக்குச் சணப்பு. பசுந்தாள் உரத்துக்கு விதைத்து மடக்கி உழுகிற சணப்பு வேறு குடும்பம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "கஞ்சாச் செடியின் நார் ரகம்" என்றே சொல்லுங்கள்.

என்.டி.பி.எஸ். 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் சாகுபடியை அனுமதிக்க அரசுக்கு வழி விட்டிருக்கிறது. உத்தரகாண்ட் 2018இல் அதைப் பயன்படுத்தி உரிமம் கொடுத்தது, நிபந்தனை டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள். இங்கே தப்புவது எளிதில்லை. உள்ளூர் விதைகளில் வீரியம் அந்த எல்லையைத் தாண்டும். அறுவடை தள்ளிப்போனால் ஏறும். ஆய்வில் 0.4 வந்தால் உரிம நிபந்தனையை மீறிய பயிராகிவிடும், அழிக்க வேண்டியதுதான், போட்ட முதல் போச்சு. விதைப்பதற்கு முன்னாலேயே விதைச் சான்று, அறுப்பதற்கு முன்னால் வயலில் மாதிரி, ரெண்டும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இன்னொன்று, நார் ரகத்தின் ஆண் செடி மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும். மருந்துக்காகப் பூ வளர்க்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அங்கே விதை பிடித்து பூவின் தரம் கெடும். ரெண்டையும் ஒரே வட்டாரத்தில் அனுமதிக்க முடியாது. நார் ரகத்தில் வரும் வரியைப் புகைக்கும் கஞ்சாவின் வரியோடு சேர்த்துக் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம்.


கேள்வி கேட்டவர்: மேடைக்குறிப்பு

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆதரவு அணி இன்னொரு வழி கேட்கிறது: தனியாரிடம் விடாமல் டாஸ்மாக் மாதிரி அரசே விற்றால் என்ன? அதோடு, "குற்றமில்லை என்று மட்டும் ஆக்கிவிட்டு விற்பனையை அனுமதிக்காமல் இருக்கலாமே" என்றும் ஒரு பிள்ளை கேட்டாள். ரெண்டும் ஒன்றா?


பதில் 5: ஐந்தொகை, கானாடுகாத்தான்

அரசே விற்பதற்கு முன்மாதிரி உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அரசு நிறுவனம்தான் விற்கிறது, வயது 21. உருகுவே 2013இல் சட்டம் போட்டு 2017இல் மருந்துக் கடை வழியாக விற்கத் தொடங்கியது. பதிவு செய்த குடிமக்களுக்கும் குடியிருப்போருக்கும் மட்டும், மாதத்துக்கு 40 கிராம், விலையை அரசு நிர்ணயிக்கும். அங்கே நோக்கம் வரியே இல்லை, கடத்தல்காரனுக்குக் கீழே விலை வைப்பது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வெளியில் 25 கிராம், வீட்டில் 50 கிராம், 3 செடி என்று அனுமதித்தது, கடையே கிடையாது, உறுப்பினர் சங்கம் மட்டும். பாருங்கள், எல்லாம் "அனுமதித்த நாடு" என்ற ஒரே பெயரில் வருகிறது, வரி வரவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நம் நாட்டிலேயே பழைய வாதம் இருக்கிறது. 1893இல் அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை கொடுத்தது. முழுத் தடை தேவையில்லை, உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றது. இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற நவகாவில் உரிமத்தோடு பயிரிட்டு, 1917இல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமே வைத்தார்கள். ஆதரவு அணி இதைச் சொல்லலாம். எதிரணி சொல்ல வேண்டியது: அந்த ஆணையம் பார்த்தது அந்தக் காலத்து வீரியத்தை, இன்றைய வீரியத்தை அல்ல.

டாஸ்மாக் ஒப்பீட்டில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில். விற்பனை குறைந்தால் பட்ஜெட்டில் துண்டு விழும் என்ற நிலைக்கு ஒரு அரசு வந்துவிட்டால், குறைக்கச் சொல்லும் துறையும் கூட்டச் சொல்லும் துறையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரும். அரசு விற்பனை வேண்டுமென்றால் உருகுவே மாதிரி வரி நோக்கமில்லாத விற்பனைதான் எனக்கு ஒப்பு. அப்படிச் செய்தால் தலைப்பில் இருக்கிற "வரவு" போய்விடும். பிள்ளைகள் இதைத் தெரிந்தே பேசட்டும்.


பதில் 6: வழக்குக்கட்டு, தேவகோட்டை

அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ரெண்டும் ஒன்றல்ல. போர்ச்சுகல் 2001இல் செய்தது விற்பனை அனுமதி இல்லை. 10 நாள் தேவைக்குள், கஞ்சாவென்றால் 25 கிராமுக்குள் வைத்திருப்பவர் குற்ற வழக்குக்குப் போகாமல் ஒரு குழுவின் முன் போவார். விற்பவனுக்குத் தண்டனை அப்படியே. வரி ஒரு காசு வராது. நெதர்லாந்தில் காபிக் கடையில் 5 கிராம் வரை விற்பதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு வருகிற பின்வாசல் நெடுங்காலம் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது. முன்வாசலில் கணக்கு, பின்வாசலில் கடத்தல்.

நம்ம வட்டாரத்துக்கென்று ஒரு விஷயம் சேர்க்கிறேன். இந்தப் பக்கம் பிடிபடும் சரக்கில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா மலைப்பகுதியிலிருந்து வருகிறது. அதில் ஒரு பங்கு இங்கே நிற்பதில்லை, தொண்டி முதல் மண்டபம் வரையான கடற்கரையில் படகேறி இலங்கைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் விற்பனையை அனுமதித்தாலும் அந்தப் படகு நிற்காது, ஏனென்றால் வாங்குபவன் அக்கரையில் இருக்கிறான். உள்ளூரில் உரிமத்தோடு விளைந்ததும் அதே வழியில் போகும் வாய்ப்பு உண்டு. "அனுமதித்தால் கடத்தல் ஒழியும்" என்ற வரியை இங்கே அப்படியே சொல்ல முடியாது.

சட்டத்தைத் திருத்தாமலேயே இன்றைக்குக் கிடைக்கிற வழி ஒன்று இருக்கிறது, எந்த அணிக்கும் தெரிவதில்லை, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கும் தெரிவதில்லை. 64ஏ பிரிவு. புகைத்ததற்காக 27ஆம் பிரிவிலோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தப் பிரிவுகளில் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகச் சேர்ந்த தேதிச் சீட்டு, தொடர் சிகிச்சைக் குறிப்பு, முடித்ததற்கான மருத்துவர் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். தனியார் மையத்தில் சேர்ப்பதற்கு முன்னால் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பலர் பணத்தைக் கட்டிவிட்டு நீதிமன்றத்தில் அந்தச் சான்று செல்லாமல் திரும்புகிறார்கள். தண்டனை முடிவான பிறகும் 39ஆம் பிரிவு உண்டு: சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிச் சிகிச்சைக்கு அனுப்பலாம், 1 வருடத்துக்குள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.


பதில் 7: மனநலம், திருப்பத்தூர்

அண்ணன் சொன்னதோடு ரெண்டு எண்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மனாஸ் 14416. ரெண்டும் கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பட்டிமன்ற அழைப்பிதழின் அடியில் அச்சடியுங்கள் தம்பி. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் யாரோ ஒருவருக்கு அது அன்றைக்கு ராத்திரியே வேண்டியிருக்கும்.